லேமன் அம்மையாரின் பிரியாவிடைக் கச்சேரி

1951 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 16 ஆந் திகதி நியூயோர்க் நகரத்து ரவுண் ஹோல் என்னும் மண்டபத்திலே லொற்றே லேமன் அம்மையார் பாடினார். அப்போது அவருக்கு வயது 62. அறுபத்துமூன்றாவது பிறந்தநாளுக்கு இன்னும் 11 நாட்களே இருந்தன. வியன்னாவிலும் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் இசைநாடக மேடையை ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் ஆண்ட அவருக்கு அன்று துணையாக இருந்தவை ஒரு பியானோவும், அதனை வாசித்த போல் உலனோவ்ஸ்கி என்பாரின் இரு கைகளுமே. நிகழ்ச்சியின் நடுவே அம்மையார் அவையோரை நோக்கி, இதுவே தமது பிரியாவிடைக் கச்சேரி என்று அறிவித்தார். அவையோர் 'இல்லை, இல்லை' என்று கூவினர். அவர்கள் மறுப்பார்கள் என்றே தாம் எதிர்பார்த்ததாகவும், எனினும் தம்மோடு வாதிடவேண்டாம் என்றும் அவர் நகைச்சுவை தோன்றக் கூறினார். இறுதியில் ஷூபேட் இயற்றிய 'இசைக்கு' என்னும் பாட்டை எடுத்தார். அதன் கடைசி அடியிலே தொண்டை அடைத்து, மேலே பாட இயலாது நின்றுவிட்டார். எஞ்சியதைப் பியானோவே வாசித்து முடித்தது.

மேனாட்டு இசை வரலாற்றிலே அடிக்கடி எடுத்துச் சொல்லப்படும் கதைகளுள் இதுவும் ஒன்று. கேட்போர் கண்களிலே நீரை வரவழைக்கும் கதைதான். ஆயினும் அக்கண்ணீரே அன்றைய கச்சேரியை மதிப்பிடுவதற்குப் பெருந்தடையாகவும் அமைந்துவிட்டது. லேமனின் பிரியாவிடைக் கச்சேரி என்றவுடன் அவர் பாடாது விட்ட ஓரடியைப் பற்றியே யாவரும் பேசுகின்றனர். பாடிய பாட்டுக்களைப் பற்றிப் பேசுவோர் சிலரே. முதுமையுற்ற கலைஞர் ஒருவர் மேடையில் மனமுடைந்து நின்றார் என்பது இரக்கத்துக்குரிய செய்தி. கலைக்கு உரிய செய்தியென்று அதனைக் கொள்ளல் ஆகாது. நற்பேறாக அன்றைய நிகழ்ச்சி ஒலிப்பதிவு செய்யப்பட்டுப் பின்னர் இசைத்தட்டாகவும் வெளிவந்துள்ளமையால், கதையை ஒருபுறம் வைத்துப் பாட்டைச் செவிகொடுத்துக் கேட்க வழியுண்டு. அவ்வாறு கேட்பவர், இறுதிப் பாட்டுக்கு முன்னரே, ஷூபேட்டின் ஆலைப் பாட்டுக்களிலே, அன்றைய உண்மையான சிறப்பு நிகழ்ந்து முடிந்துவிட்டதை உணர்வர்.

மேனாட்டு இசையிற் பழக்கமில்லாதார் பொருட்டு இங்கே சில கூறுதல் வேண்டும். ஒப்பரா எனப்படும் இசைநாடகத்திலே மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் எண்பது தொண்ணூறு பேர் கொண்ட வாத்தியக் குழு முழங்கும். ஒலிபெருக்கியின் உதவி எதுவுமின்றி, அம்முழக்கத்தை ஊடறுத்துக்கொண்டு, இரண்டாயிரம் மூவாயிரம் பேர் அமர்ந்த அரங்கின் கடைசி வரிசையைப் பாடுவோர் குரல் சென்று எட்டவேண்டும். பெண்குரல்களுள் மிக உயர்ந்த தாயியில் இயங்குவது சொப்பிரானோ. கதைத்தலைவியர் பெரும்பாலும் இக்குரலுக்கே உரியவர். இக்குரல் உடல்வலிமையைப் பெரிதும் சார்ந்து நிற்பதால், வயது ஐம்பதைக் கடக்கும்போது அதன் தளர்ச்சியும் வெளிப்படையாகவே தெரியும். மேற்சுரங்கள் ஒவ்வொன்றாக எட்டாமற் போகும், மூச்சுக் குறுகும், நீட்டிப் பிடித்த சுரம் அசையத் தொடங்கும். வயலின் வாசிப்பவரும் பியானோ வாசிப்பவரும் எண்பது வயதிலும் அதே கருவியைக் கையில் எடுக்கலாம். பாடுவோருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

'லீட்' எனப்படும் ஜேர்மானியத் தனிப்பாடல் இதற்கு முற்றிலும் வேறான துறை. கவிஞன் ஒருவன் எழுதிய சிறு செய்யுளை எடுத்து, இசையாசிரியன் குரலுக்கும் பியானோவுக்குமாக அமைப்பது அது. பெரும்பாலும் சில நிமிடங்களிலே முடிந்துவிடும். வேடமில்லை, திரைச்சீலையில்லை, எதிர்நின்று பேசும் பாத்திரமும் இல்லை. பியானோவின் அருகே நிற்கும் ஒருவர், செய்யுளின் சொற்களாலேயே காதலனையும் காட்டையும் நள்ளிரவையும் அவையோர்முன் தோற்றுவித்தல் வேண்டும். பியானோவும் இங்கே குரலைத் தொடர்ந்து ஓடுவதோடு அமையாது, குரல் மறைத்ததைத் தான் வெளியிடும். குரல் சொன்னதை ஐயுற்றும் நிற்கும். இன்னொரு வசதியும் உண்டு. பியானோவின் முன் இருப்பவர் வல்லவராயின் பாட்டு முழுவதையும் பாடுவோர் விரும்பும் சுருதிக்குத் தாழ்த்தி வாசித்தல் கூடும். இதனாலேயே இசைநாடகத்திலிருந்து ஓய்வுபெறும் நிலையிலுள்ளோர் பலர் இப்பாட்டுக்களை நாடி வருகின்றனர். லீட் என்பது குரலிழந்தோர் தங்கும் மடம் என்று ஏளனம் பேசுவோரும் உளர். லேமனுக்கு அது தங்குமடமாக இருக்கவில்லை என்பதற்கு அவர் வரலாறே சான்று.

அவர் 1888 ஆம் ஆண்டு பெப்ரவரி 27 ஆந் திகதி பிரஷ்யாவின் பேர்லபேர்க் என்னும் சிற்றூரிலே பிறந்தார். பேர்லினில் எற்றெல்கா கேர்ஸ்ரர் என்னும் புகழ்பெற்ற பாடகியின் பள்ளியிற் சேர்ந்தவர், பாட்டுக்கு உதவாதவர் என்று அங்கிருந்து விலக்கப்பட்டார். வாக்னரின் 'மைஸ்ரர்சிங்கர்' 1868 இல் முதன்முதல் மேடையேறியபோது அதன் தலைவியாகப் பாடிய மத்தில்டே மாலிங்கரிடம் பின்னர்க் கற்றுத் தேறினார். 1910 இல் ஹம்பேர்க் அரங்கிலே சிறு பாத்திரங்களோடு தொடங்கி, 1916 இல் வியன்னா சென்றார். அங்கே றிச்சாட் ஸ்திராவுசின் 'அரியாட்னே' திருத்திய வடிவில் மேடையேறவிருந்தது. இளம் இசையாசிரியனாகத் தோன்றவேண்டிய குத்தைல் ஷோடர் ஒத்திகைக்கு வரமுடியாதுபோக, லேமன் அவ்விடத்தை நிரப்பினார். ஸ்திராவுஸ் அப்பாத்திரத்தை அவருக்கே கொடுத்துவிட்டார். அதன்பின் 1919 இல் 'நிழலற்ற பெண்' நாடகத்துச் சாயக்காரன் மனைவியும், 1924 இல் 'இன்ரர்மெற்சோ' நாடகத்துக் கிறிஸ்ரீனும் முதன்முதல் அவர் குரலிலேயே உயிர்பெற்றன. கிறிஸ்ரீன், ஸ்திராவுசின் சொந்த மனைவியையே உருவாக வைத்து எழுதப்பட்ட பாத்திரம் என்பதை நினைத்தால், ஆசிரியருக்கு லேமன்மேல் இருந்த நம்பிக்கை எத்தகையது என்பது புலனாகும்.

ஆயினும் அவர் பெயரோடு பிரிக்கவொண்ணாது நிலைத்தது 'றோசன்காவலியர்' நாடகத்து மார்ஷலின் பாத்திரமே. இந்நாடகத்தின் மூன்று பெண்குரல் வேடங்களையும் அவர் வெவ்வேறு காலங்களிலே தாங்கினார்: இளம்பெண் சோபியாகவும், இளைஞன் ஒக்தாவியனாகவும், முடிவில் 1924 தொடக்கம் இலண்டனில் மார்ஷலினாகவும். மார்ஷலின், இளங் காதலனையுடைய ஓர் உயர்குலப் பெண். ஒருநாட் காலை கண்ணாடியிலே தன் முகத்தை நோக்கி, காலம் தன்னைக் கடந்து செல்வதை உணர்கிறாள். இரவிலே எழுந்து வீட்டிலுள்ள கடிகாரங்களையெல்லாம் நிறுத்திவிடுவதுண்டு என்று சொல்கிறாள். காதலன் ஒருநாள் இளையவள் ஒருத்தியிடம் போய்விடுவான் என்று முன்கூட்டியே அறிந்து, அந்நாள் வந்தபோது தானே வழிவிட்டு விலகுகிறாள். 1933 இல் வியன்னாவில் றொபேட் ஹேகரின் நெறிப்படுத்தலிற் செய்யப்பட்ட சுருக்கப் பதிவிலே லேமனின் மார்ஷலினை இன்றுங் கேட்கலாம். பிரியாவிடையன்று அவையோரிடம் பேசும்போது அம்மையார் இப்பாத்திரத்தையே எடுத்துக்காட்டினார்: மார்ஷலின் கண்ணாடியைப் பார்த்து நேரம் வந்துவிட்டது என்று அறிந்ததுபோலத் தாமும் அறிந்ததாக அவர் கூறினார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மேடையிலே நடித்துக் காட்டிய விலகுதலை அன்று தம் வாழ்விலே செய்தார் எனல் பொருந்தும்.

லேமனின் குரல் குறையற்றது என்று அவருடைய நெருங்கிய அன்பர்கூடச் சொன்னதில்லை. மூச்சே அவருடைய பெருங்குறை. மற்றையோர் ஒரே மூச்சிற் பாடும் அடியை அவர் இரண்டாகவும் மூன்றாகவும் முறித்துப் பாடினார். உச்சத்தாயி அவருக்கு எக்காலத்தும் எளிதாக வாய்த்ததன்று. சால்ஸ்பேர்க் விழாவிலே பீத்தோவனின் 'பிடேலியோ'வை அவர் பாடியபோது, எழுதிய சுரத்தில் அணுவளவும் மாற்றம் பொறாதவர் என்று பெயர்பெற்ற ரொஸ்கனீனியே அவர் பொருட்டு அதன் பெரும்பாட்டை அரைச்சுரம் தாழ்த்த இசைந்தார். இவை இளமையிலும் நடுவயதிலும் இருந்த குறைகள். இக்குறைகளுக்கிடையே அவர் தேடிக்கொண்ட வழிதான் இங்கே கருதத்தக்கது. மூச்சு எங்கே முறியவேண்டுமோ அங்கே பொருளும் திரும்பும்படி அவர் செய்துகொண்டார். முக்கியமான சொல்லுக்கு முன்னர் ஓர் இமைப்பொழுது நின்று, மூச்சை வாங்கி, அச்சொல்லை அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல வெளியிடுவார். கேட்போர் அதனை மூச்சிழப்பென்று கொள்ளாது மனத்தயக்கமென்றே கொள்வர். எப்போதும் இது வெற்றிபெற்றதன்று. சில பாட்டுக்களிலே இம்முறை மிகைப்பட்டு, ஒவ்வோர் அடியும் பெருமூச்சாகவே ஒலிப்பதும் உண்டு. ஆனாற் சொல்லை முதலாகவும் சுரத்தை அதன் ஊர்தியாகவும் கொள்ளும் பழக்கம் இவ்வாறு இளமையிலேயே அவரிடம் வேரூன்றிவிட்டது. குரலழகு ஒன்றையே நம்பியிருந்த பாடகியர்க்கு அக்குரல் தளர்ந்தபோது கைம்முதலாக ஒன்றும் மிஞ்சவில்லை. லேமனுக்கு மிஞ்சியது பெரிது.

1933 தொடக்கம் 1937 வரை சால்ஸ்பேர்க்கிலே புறூனோ வால்ரர் பியானோ வாசிக்க அவர் ஆண்டுதோறும் தனிப்பாடற் கச்சேரி செய்தார். 1934 இல் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அரங்கிலே வாக்னரின் சீக்லின்டேயாகத் தோன்றினார். 1938 இல் ஒஸ்திரியா ஹிட்லரின் கைப்பட்டது. கணவர் ஒற்றோ கிறவுசேயின் முதல் மனைவி யூதப்பெண். அவர் வயிற்றுப் பிள்ளைகளை அங்கே விட்டுவைத்தல் இயலாது. குடும்பத்தோடு அமெரிக்கா சேர்ந்த அம்மையார், அடுத்த ஆண்டு ஜனவரியிலே கணவரையும் காசநோய்க்குப் பறிகொடுத்தார். நாட்டையும் துணையையும் ஒருங்கிழந்த இக்காலத்திலேதான் ஷூபேட்டின் 'குளிர்காலப் பயணம்' என்னும் இருபத்துநான்கு பாட்டுக்களையும் அவர் பதிவு செய்தார். 1942 இல் 'அழகிய ஆலைக்காரி' என்னும் கோவையும் தொடர்ந்தது. இரண்டிலும் பியானோ உலனோவ்ஸ்கியே. வியன்னாவிற் பிறந்த இவர் 1937 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியப் பயணத்தில் லேமனோடு சேர்ந்தவர். பிரியாவிடை வரை பிரியாதவர்.

இவ்விரு கோவைகளும் ஆண்மகனின் கூற்றாக அமைந்தவை. பெண்ணொருத்தி அவற்றைப் பாடலாமா என்ற வினா அக்காலத்தே எழுந்தது. தமிழ்ச் செவிக்கு இவ்வினா வியப்பாகத் தோன்றக்கூடும். நாயகி பாவத்திலே ஆடவர் பாடுவதைக் கேட்டுப் பழகிய செவி அது. மேனாட்டிலோ பாடுவோரின் உருவமும் பாட்டின் கூற்றும் பொருந்தவேண்டும் என்று வற்புறுத்துவோர் பலர். லேமன் இத்தடையைப் பொருட்படுத்தவில்லை. அகக்கண்ணாற் காணுந் திறனுடைய பாடகிக்கு ஆண்கூற்றும் பெண்கூற்றும் ஒன்றே என்பது அவர் கொள்கை. 1945 இல் வெளியிட்ட தமது நூலிலே ஒவ்வொரு பாட்டையும் எடுத்து, பாடுபவர் நிற்கும் இடம் எது, நோக்கும் பொருள் எது, எந்தச் சொல்லில் மனம் மாறுகிறது என்று அவர் விளக்கியுள்ளார். குரற்பயிற்சியைப் பற்றி அந்நூலில் அதிகம் இல்லை. நடிப்பாசிரியர் எழுதிய நூல்போல அது காணப்படுகிறது.

இனி 1951 ஆம் ஆண்டுக் கச்சேரிக்கு வருவோம். இசைநாடகத்தை விட்டு அவர் ஏறக்குறைய நான்கரை ஆண்டுகள் ஆகியிருந்தன. 1946 இலே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மார்ஷலினாகத் தோன்றியதே கடைசி. ரவுண் ஹோல் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு பேர் அமரக்கூடியது. மெல்லிய குரலும் கெடாது பின்வரிசையை எட்டும் இயல்பினது. லேமன் பல ஆண்டுகள் பாடிப் பழகியது. பாட்டுக்களின் தெரிவிலேயே அவருடைய விவேகம் தெரிகிறது. ஷூமான், மெண்டல்சோன், வாக்னர், றொபேட் பிரான்ஸ், ஷூபேட் முதலியோரின் சிறு பாட்டுக்களன்றி, இசைநாடகத்துப் பெரும்பாட்டு ஒன்றேனும் இல்லை. பழைய வெற்றிகளை நினைவூட்டிக் கைதட்டல் பெறும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. சுருதியும் வேண்டிய அளவு தாழ்த்தப்பட்டிருந்தது.

எனினும் முற்பகுதி முழுவதையும் புகழ்தல் நேர்மையாகாது. வாக்னரின் 'கனவுகள்' நீண்டு விரியும் அடிகளையுடையது. 'திரிஸ்தான்' நாடகத்துக் காதற்காட்சிக்கு முன்னோடியாக அமைந்த அப்பாட்டுக்கு அலைபோல எழுந்து தாழும் மூச்சு இன்றியமையாதது. லேமன் மேடையில் ஒருபோதும் ஏற்றுப் பாடாத இசோல்டேயின் சாயல் அதிற் படிந்திருத்தலால் அவர் அதனை விரும்பித் தெரிந்தார் போலும். அலை இடையிடையே அறுகிறது. உணர்ச்சியின் வெப்பம் குறையவில்லை. அதனைத் தாங்கும் உடல்தான் அங்கே குறைந்துநின்றது. உருக்கமான வேறு சில பாட்டுக்களிலும் சொல்லுக்கு வேண்டியதிலும் மிகுந்த அழுத்தம் விழுகிறது. இப்பகுதியைக் கேட்டு, முதுமைக்குரிய சலுகை கொடுத்தே இக்கச்சேரியை ஏற்கவேண்டும் என்று ஒருவர் முடிவுசெய்தால் அவரைக் குறைகூற இயலாது.

அம்முடிவை மாற்றுவன 'அழகிய ஆலைக்காரி'யின் பாட்டுக்கள். வில்ஹெல்ம் முல்லரின் செய்யுட்களுக்கு ஷூபேட் 1823 இல் இசையமைத்த இக்கோவை இருபது பாட்டுக்களைக் கொண்டது. ஊர்சுற்றும் ஆலைத் தொழிலாளி ஒருவன் ஓடையொன்றின் வழியே நடந்து, ஒரு நீராலையை அடைந்து, ஆலைக்காரனின் மகளைக் காதலிக்கிறான். அவளோ பச்சையுடை தரித்த வேடனை நாடுகிறாள். இளைஞன் தன் துயரையெல்லாம் சொல்லிவந்த அந்த ஓடையிலேயே உயிர்விடுகிறான். லேமன் முழுக்கோவையையும் பாடாது சில பாட்டுக்களையே எடுத்துக்கொண்டார். அவற்றுள் 'ஆவலுடையோன்' என்பதை முதலில் நோக்கலாம். அவள் தன்னை விரும்புகிறாளா என்று இளைஞன் ஓடையைக் கேட்கிறான். ஆம், இல்லை என்னும் இரண்டிலொன்றை வேண்டி நிற்கிறான். இவ்விடத்திலே ஷூபேட் தாளத்தின் ஓட்டத்தையே மாற்றி, இசையைப் பெரிதும் நிதானப்படுத்துகிறார். ஓரிடத்திற் குரல் பாட்டை விட்டுப் பேச்சை நெருங்குகிறது. இளங்குரலையுடைய பாடகர் பலர் இங்கே மென்மையான சுரங்களின் அழகிலே ஈடுபட்டுக் கேள்வியை மறந்துவிடுவர். லேமன் உண்மையாகவே கேட்கிறார். விடைக்காகக் காத்திருக்கிறார். பியானோ ஓடையாக ஓடிக்கொண்டே இருக்கிறது; விடை சொல்லவில்லை. உலனோவ்ஸ்கியின் கை இவ்விடத்திலே செய்யும் தொண்டு பெரிது. அவர் குரலுக்காகத் தாமதிக்கவுமில்லை, குரலை விரட்டவுமில்லை. தன்பாட்டிற் செல்லும் இயற்கையின்முன் ஒரு மனிதக்குரல் நின்று மன்றாடுவது அப்போதுதான் செவிப்புலனாகிறது.

'விருப்பான நிறம்' என்னும் பாட்டிலே பியானோ ஒரே சுரத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை விடாது தட்டுகிறது. எண்ணிப் பார்த்தால் ஐந்நூறு தடவைக்கு மேல் வரும். காதலிக்குப் பச்சை நிறம் பிடிக்கும் என்பதால், தன் கல்லறையையும் பசும்புல்லால் மூடும்படி வேண்டுகிறான் இளைஞன். இங்கே மேற்சுரமும் இல்லை. நீண்ட மூச்சும் வேண்டா. வேண்டுவது கசப்பை மறைத்துப் பேசும் அமைதி. இருபத்தைந்து வயதிலே அந்த அமைதியை நடித்துக் காட்டலாம். அம்மையார் நடித்ததாகத் தோன்றவில்லை.

கோவையின் கடைசிப் பாட்டான 'ஓடையின் தாலாட்டு' இவையனைத்துக்கும் முடியாக விளங்குகிறது. அதுவரை பேசியவன் இளைஞன், ஓடை கேட்டுக்கொண்டிருந்தது. இப்பாட்டிலே இளைஞன் இறந்துவிட்டான். ஓடை பேசுகிறது. தன் மடியிற் கிடப்பவனைத் தாலாட்டி, வேடனின் கொம்பொலி கேளாதபடி அரவம் செய்து, தீய பெண்ணை அணுகவிடாது காத்து உறங்கவைக்கிறது. ஐந்து கண்ணிகள், ஐந்துக்கும் ஒரே மெட்டு. கண்ணிதோறும் புதிய அழகு காட்ட முயலும் பாடகர் இதனைக் கெடுத்துவிடுவர். ஒன்றும் செய்யாது விடுபவரோ கேட்போரை உறங்கச் செய்துவிடுவர். லேமனின் குரலிலே ஏற்பட்ட மாற்றம், தாழ்ந்த சுருதி, ஒளிகுன்றிக் கனத்துவிட்ட இடைத்தாயி ஆகிய யாவும் இவ்விடத்திலே குறையாகாது பாட்டின் இயல்பாகவே மாறிவிடுகின்றன. இளைஞனின் காதலை ஒரு பெண் பாடலாமா என்ற பழைய வழக்கும் இங்கே தானே தீர்ந்துவிடுகிறது. இப்போது பாடுவது ஆணன்று, காதலியுமன்று. மிக மூத்த ஒன்று, பிள்ளைகள் பலரைத் தூங்கவைத்த ஒன்று. சிறிதும் கலக்கமில்லாத குரலிலே, ஏறக்குறைய வீட்டுக் காரியம் செய்பவளின் நிதானத்தோடு, அவர் கண்ணி கண்ணியாகப் போர்த்தி முடிக்கிறார். 1942 ஆம் ஆண்டுப் பதிவிலே இதே பாட்டு இன்னும் நிறைந்த குரலில் ஒலிக்கிறது. அங்கே இறந்தவன்மேல் இரக்கம் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளின்பின் இரக்கமும் அடங்கிவிடுகிறது. இவ்வேறுபாட்டைக் குரல் நூல்களின் துணைகொண்டு விளக்குதல் அரிது. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பவர்க்குத் தானே விளங்கும்.

அன்று அவையிலிருந்தோர் இது பிரியாவிடைக் கச்சேரி என்று அறிந்தபின்னரே இப்பாட்டுக்களைக் கேட்டனர். ஆகவே அவர்கள் கண்ட சிறப்பு அவ்வறிவினால் வந்த மயக்கமே என்று ஒருவர் வாதிக்கலாம். வலிமையான வாதம்தான். பிரிவுத்துயர் திறனாய்வாளனின் செவியை அடைத்துவிடும் என்பது உண்மை. ஆனால் இதற்குச் சோதனை உண்டு. பாடுபவர் பெயரும் திகதியும் அறியாத ஒருவருக்கு 'ஓடையின் தாலாட்டு' மட்டும் கேட்பிக்கப்பட்டால் அவர் என்ன சொல்வார்? குரல் இளமையானதன்று என்பார். சொற்கள் ஒவ்வொன்றும் தெளிவாக விளங்கின என்பார். பாட்டு எதைப்பற்றியது என்பதை மொழியறியாமலே உணர்ந்தேன் என்றும் சொல்லக்கூடும். 'கனவுகள்' அவருக்குக் கேட்பிக்கப்பட்டால் இவ்வாறு சொல்லமாட்டார். ஒரே மாலை, ஒரே முதுமை, ஒரே அவை. ஒன்று நிற்கிறது, மற்றது தளர்கிறது. இரக்கமே காரணமாயின் இரண்டும் ஒரேயளவு உருக்கியிருத்தல் வேண்டும்.

இதன்பின் வந்ததே 'இசைக்கு'. பிரான்ஸ் பொன் ஷோபர் என்னும் நண்பரின் செய்யுளுக்கு ஷூபேட் தமது இருபதாம் வயதில், 1817 இல், அமைத்த பாட்டு அது. வாழ்க்கை இருண்ட வேளைகளிலே தன்னை வேறோர் உலகுக்கு உயர்த்திய கலைக்கு ஒருவன் நன்றி சொல்வதே பொருள். கண்ணிகள் இரண்டே. வலக்கை சுரக்கட்டுக்களை மெல்ல மீட்டும்போது இடக்கை தாழ்ந்த தாயியிலே தனியொரு மெட்டைப் பாடிச்செல்லும். ஆகவே பாட்டு தொடங்குவதற்கு முன்னரே பியானோவினுள் இன்னொரு குரல் இருக்கிறது. பாடுபவர் வாய்மூடியபின்னும் அக்குரல் தொடரும். லேமனின் குரல் கடைசி நன்றிச்சொல்லில் நின்றுபோனபோது, உலனோவ்ஸ்கி நிறுத்தவில்லை. விரைவுபடுத்தவுமில்லை. எழுதியிருந்தபடி இறுதிச் சுரம்வரை வாசித்தார். பதினான்கு ஆண்டுகள் உடன்வந்தவர் அவ்வேளையிலே செய்யக்கூடிய மரியாதை அதுவே. அந்நாளைய உருக்கத்திலே யாவரும் பாடகியையே நோக்கினர். பாட்டைக் காத்தவரை நோக்கியோர் குறைவு. அன்றைய பேச்சிலே லேமன் தாமே அவருக்கு நன்றி கூறியிருந்தார் என்பதையும் குறிப்பிடல் தகும்.

அம்மையார் அவ்வாண்டே மேற்குக் கரைக்குத் திரும்பினார். கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவிலே 1947 இல் தொடங்கிய மேற்றிசை இசைக் கழகத்தில் இளம் பாடகர்க்குப் பல ஆண்டுகள் கற்பித்தார். 1961 இல் பைறொய்த் விழாவிலே வாக்னரின் வீனசாகப் பாடிப் பெயர்பெற்ற கிறேஸ் பம்பிறி அவருடைய மாணவி. உலனோவ்ஸ்கி 1968 இலும், லேமன் 1976 ஓகஸ்ட் 26 இலும் காலமாயினர். அக்கற்பித்தலிற் சில படமாக எடுக்கப்பட்டுள்ளன. மாணவி முழுக்குரலிற் பாட, எழுபதைக் கடந்த ஆசிரியை அருகே நின்று கேட்கிறார். பிறகு தடுத்து நிறுத்தி, அதே அடியைக் கீழ்த்தாயியில், பாதி பேச்சும் பாதி பாட்டுமாக, கண்ணாலும் கையாலும் தாமே சொல்லிக் காட்டுகிறார்.